புதுக்கோட்டைச் சீமையில் மிதிவண்டி: தண்ணீரை வைத்து வழி போடுதல்

பினாங்குத் தீவைச் சுற்றி ஓட்டிப் பழகிய கால்களுக்குப் புதுக்கோட்டைச் சாலைகள் எளிதானவை என்ற எண்ணம் எங்கள் மிதிவண்டிக் குழுவில் பலருக்கு இருக்கிறது. அதற்குக் காரணமும் உண்டு. ஜார்ஜ்டவுனில் புறப்பட்டு, பத்து பிரிங்கியையும் தெலுக் பஹாங் அணைக்கட்டையும் தாண்டி, தித்தி கெராவாங் மேட்டில் ஏறி, பாலிக் புலாவில் இறங்கி, தெலுக் கும்பார், பாயான் லெப்பாஸ் வழியாகத் திரும்பும் சுற்று ஏறத்தாழ 70 கிலோமீட்டர். அதன் மேடுகள் நல்ல ஓட்டுநர்களையும் மூச்சிரைக்க வைப்பவை. காரைக்குடிக்கும் புதுக்கோட்டைக்கும் இடையில் அப்படிப்பட்ட மேடு ஒன்றுகூட இல்லை. ஆனாலும் தைப்பூசத்துக்குப் பிந்திய வாரங்களில் எங்கள் குழு அங்கே போய் ஓட்டத் தொடங்கிய நாள்முதல் நான் கண்டுவருவது வேறு. அந்த மண்ணில் வழியைத் தூரத்தைக் கொண்டோ ஏற்றத்தைக் கொண்டோ போடக் கூடாது; தண்ணீரும் நிழலும் எங்கே இருக்கின்றன என்பதைக் கொண்டுதான் போட வேண்டும். அப்படிப் போடப்படும் வழி, கோட்டைகளையும் குடைவரைகளையும் பழைய கோயில்களையும் தானாகவே தொட்டுக்கொண்டு போகிறது என்பதுதான் எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

முதலில் நிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். புதுக்கோட்டையில் ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் மிகப் பெரிய பங்கு ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில் வருவது. பினாங்கில் பெய்வது அதைப் போல் இரண்டரை மடங்கு. வற்றாத ஆறு இல்லாத அந்தச் சீமை, மழைநீரைக் கண்மாய்களிலும் ஊரணிகளிலும் தேக்கி வைத்தே பிழைத்திருக்கிறது. செம்மண்ணும் செம்புறாங்கல்லும் கலந்த மேட்டில் கடலை, முந்திரி, தைல மரத் தோப்புகள், பள்ளத்தில் கண்மாய்ப் பாசனத்தில் நெல், இடையிடையே தனித்தனியாக எழுந்து நிற்கும் கற்குன்றுகள் என்று நிலம் மாறி மாறி வரும். சாலையும் அதற்கேற்ப ஏறும், இறங்கும். ஓர் ஏற்றம் அரைக் கிலோமீட்டர் நீளாது, வெறும் கண்ணுக்குச் சமதரை போலவே தெரியும். ஆனால் இறக்கத்தில் கால் ஓய்வதற்குள் அடுத்த ஏற்றம் தொடங்கிவிடும். தித்தி கெராவாங்கில் ஒரே மூச்சாக ஏறிவிட்டால் அதற்குப் பிறகு நீண்ட இறக்கம் நமக்குக் கூலியாகக் கிடைக்கும். இங்கே அந்தக் கூலி கிடையாது. மூன்று மணி நேரமும் ஒரே சீராக மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே பயிற்சியைத் தீவின் மலைச்சாலைகளில் மட்டும் வைத்துக்கொள்ளாமல், படகேறிப் பட்டர்வொர்த்துக்குப் போய், கெப்பாளா பத்தாஸ், பெனாகா பக்கத்து வயற்சாலைகளில் மரநிழல் இல்லாத வெளியில், எதிர்க்காற்றில், கியரை அடிக்கடி மாற்றாமல் ஓட்டிப் பழகுவது நல்லது. எங்கள் குழுவில் பட்டர்வொர்த் பக்கத்துப் பிறை என்ற ஊரிலிருந்து வரும் அண்ணன் ஒருவர் ஏற்றத்தில் எப்போதும் கடைசியில்தான் வருவார். புதுக்கோட்டையில் மற்றெல்லாரையும் விடச் சோர்வின்றி ஓட்டியவர் அவர்தான், ஏனென்றால் அவருடைய அன்றாடப் பயிற்சியே அந்த வயல்வெளியில் நடப்பது.

வெயிலை விட வியர்வையைப் பற்றித்தான் நான் அதிகம் எச்சரிப்பேன். பினாங்கில் காலை ஏழரை மணிக்குப் புறப்பட்டாலும் காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் சட்டையை நனைத்து முழங்கையில் சொட்டும். உடம்பு எவ்வளவு நீரை இழக்கிறது என்று கண்ணாலேயே தெரியும், தாகமும் உடனே எடுக்கும். புதுக்கோட்டையில் மாசி மாதத்துக் காலை இருபது, இருபத்தொரு டிகிரிக் குளிரில் தொடங்கும். பத்து மணிக்கு மேல் காற்று உலர்ந்து, வெயில் முப்பதைத் தாண்டும். அப்போது வியர்வை தோலில் தங்காது. சட்டை காய்ந்திருக்கும், முகத்தில் காற்று இதமாகப் படும், ஓட்டுபவருக்கு உடம்பு நல்ல நிலையில் இருப்பதாகவே தோன்றும். அந்த நேரத்தில் உடம்பு இழக்கும் நீரும் உப்பும் பினாங்கில் இழப்பதற்குக் குறைந்தவையல்ல. அதைக் காட்டிக்கொடுப்பது சட்டையின் முதுகிலும் தலைக்கவசத்தின் வாரிலும் படியும் வெள்ளைக் கோடுகள்தான். “தம்பி, சட்டையில உப்புப் பூத்திருக்கு பாரு, நிறுத்திக் குடிச்சிட்டுப் போவோம்” என்று அந்த அண்ணன் பின்னாலிருந்து குரல் கொடுப்பார். நாங்கள் யாரும் அவரிடம் மறுத்துப் பேசுவதில்லை.

இதற்கு நான் பின்பற்றும் முறை எளியது. ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் உடம்பின் எடையைப் பார்த்துக்கொண்டால், குறைந்த எடையோடு குடித்த நீரையும் சேர்த்து, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு வியர்க்கிறது என்று தெரிந்துவிடும். ஒரு கிலோ குறைந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் போயிருக்கிறது என்று பொருள். அதைப் பினாங்கில் ஒரு முறையும் அங்கே போய் இறங்கியபின் ஒரு முறையும் அளந்துகொள்ள வேண்டும். பிறகு தாகத்துக்குக் காத்திராமல், கடிகாரத்தைப் பார்த்துக் கால் மணிக்கு ஒரு தடவை குடிக்க வேண்டும். நம் ஊரில் எந்தக் கடையிலும் கிடைக்கும் 100 பிளஸ் என்ற விளையாட்டுப் பானம் அங்கே கிடைக்காது. அதற்குப் பதிலாக மருந்துக் கடைகளில் விற்கும் ஓஆர்எஸ் எனப்படும் உப்பு-சர்க்கரைத் தூள் பொட்டலங்களை வாங்கி வைத்துக்கொள்ளலாம். பெரிய பொட்டலம் ஒரு லிட்டர் நீருக்கானது. அதை 750 மில்லிலிட்டர் குப்பியில் அப்படியே கொட்டினால் கரைசல் கடுத்து வயிற்றைப் புரட்டும். ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டியில் கரைத்து, இரண்டு குப்பிகளிலும் பங்கிட்டுக்கொள்வதே சரி. சில ஊர்களில் ஆழ்குழாய்க் கிணற்று நீர் உவர்ப்பாக இருக்கும் என்பதால் தேநீர்க் கடைகளில் கேன் தண்ணீர் கேட்டு வாங்க வேண்டும். நீர்மோர் கிடைக்கும் இடத்தில் அதை விட்டுவிடாதீர்கள். உப்பும் நீரும் ஒருங்கே சேர்ந்த அந்தக் குவளைக்கு நிகரான விளையாட்டுப் பானத்தை நான் இன்னும் குடித்ததில்லை.

நேரத்தைப் பொறுத்தவரை பினாங்குக்காரர்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. இந்திய நேரம் நம் நேரத்துக்கு இரண்டரை மணி பின்தங்கியது. கோலாலம்பூர் வழியாகத் திருச்சியில் போய் இறங்கிய முதல் சில நாட்களில் அங்கே விடியற்காலை நான்கு மணிக்கே நமக்கு விழிப்பு வந்துவிடும், ஏனென்றால் நம் உடம்புக்கு அது ஆறரை மணி. அந்த விழிப்பை வீணாக்கக் கூடாது. விடியலுக்கு முன்பே திறக்கும் தேநீர்க் கடையில் ஒரு தேநீரும் வாழைப்பழமும் முடித்து, முன்விளக்கும் பின்விளக்கும் எரிய ஆறு மணிக்குச் சாலையில் இருந்தால், ஆறரைக்கு மேல் நல்ல வெளிச்சம் வந்துவிடும். பத்து மணிக்குள் 50, 60 கிலோமீட்டரை முடித்துவிடலாம். காற்றும் அந்த நேரத்தில் அடங்கியிருக்கும். தை, மாசியில் பகல் ஏற ஏற வடகிழக்கிலிருந்து வாடை எழும்பும் என்பதால், காலையில் காற்றில்லாத வேளையில் வடக்கு நோக்கிப் போய், திரும்பும்போது காற்றை முதுகில் வாங்கிக்கொள்வதாக வழியை அமைப்பேன். ஆடியில் அங்கே மிதிவண்டி ஓட்டப் போக வேண்டாம். அந்தக் காற்றை எதிர்த்து ஓட்டுவதில் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை, தண்ணீரும் கண்மாயில் இராது.

இனி வழிகள். நான் எல்லோருக்கும் முதலில் சொல்வது காரைக்குடியிலிருந்து கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் வழியாகத் திருமயம் போய், அங்கிருந்து புதுக்கோட்டையை அடையும் சாலை. சுற்றுகளையும் சேர்த்து 45 கிலோமீட்டர் அளவில் வரும். பினாங்குக்காரர்களுக்கு இது அந்நிய ஊராகவே தோன்றாது. பினாங்கின் லெபு பினாங்குத் தெருவில் இருந்த கிட்டங்கிகளில், அதாவது நகரத்தார் செட்டியார்களின் வட்டிக்கடைகளில், வட்டிக்கணக்கு எழுதியவர்களும், அங்கே தண்ணீர்மலைக் கோயிலை எழுப்பியவர்களும் பிறந்த தெருக்கள் இவை. பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் ஈட்டிய பொருள் தேக்குத் தூண்களாகவும், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையாகவும், ஒரு தெருவில் வாசல் வைத்து அடுத்த தெருவில் கொல்லையை முடிக்கும் நீண்ட வீடுகளாகவும் அங்கே நிற்கிறது. கூரையில் விழும் மழையெல்லாம் முற்றத்தில் இறங்கும்படி அமைத்திருக்கிறார்கள் என்பதையும், ஊருக்கு ஊர் படித்துறை கட்டிய ஊரணி இருப்பதையும் மிதிவண்டிக்காரர் கவனிக்க வேண்டும். தண்ணீரின் அருமை தெரிந்தவர்கள் கட்டிய ஊர்கள் இவை. அழகான இந்தத் தெருக்களில் பல வீடுகள் ஆண்டில் பெரும்பகுதி பூட்டியே கிடக்கும். நிழல் தாராளமாக உண்டு, ஆனால் தெருவுக்குள் கடை இராது. ஆகவே குப்பிகளைப் பள்ளத்தூரிலேயே நிரப்பிக்கொண்டு கானாடுகாத்தானுக்குள் நுழைவது என் வழக்கம்.

தேநீர்க் கடையில் நின்றால் “எந்த ஊரு தம்பி?” என்ற கேள்வி வராமல் இராது. பினாங்கு என்று சொன்னதும், “எங்க தாத்தாவும் பினாங்குலதான் இருந்தாக” என்று சொல்ல அந்தப் பக்கத்தில் எப்போதும் யாராவது ஒருவர் இருப்பார். இந்தப் பேச்சுக்கு நேரம் ஒதுக்குங்கள். அடுத்த கண்மாயில் தண்ணீர் இருக்கிறதா, எந்தச் சாலையைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், எந்த ஊரில் இன்று மஞ்சுவிரட்டு என்பதையெல்லாம் கைப்பேசி வரைபடம் சொல்லாது, அவர்கள் சொல்வார்கள்.

திருமயத்தில் சாலையிலிருந்தே குன்றும் அதன் மேல் கோட்டையும் தெரியும். 17ஆம் நூற்றாண்டில் இராமநாதபுரம் சேதுபதிகள் கட்டிய கோட்டை அது. அடிவாரத்தில் அருகருகே சிவனுக்கும் திருமாலுக்கும் பாறையைக் குடைந்த கோயில்கள் அதைவிடப் பல நூற்றாண்டு பழமையானவை. வெயில் ஏறுமுன் கோட்டைக்கு மேலே போய்விட்டு, பிறகு கீழே குடைவரையின் குளிர்ச்சியில் உட்கார்வதுதான் சரியான வரிசை. திருமயத்திலிருந்து புதுக்கோட்டைக்குப் போகும் வழியில் நமணசமுத்திரத்தில் அய்யனார் கோயில் வழி நெடுக வரிசையாக நிற்கும் சுடுமண் குதிரைகளைப் பார்க்காமல் போகக் கூடாது. கண்மாயைக் காக்கும் தெய்வம் அய்யனார் என்பது அந்த ஊர்களின் நம்பிக்கை. ஆகவே அய்யனார் கோயில் இருந்தால் அருகில் கண்மாய்க் கரையும், கரை மேல் பெரிய மரங்களும் பெரும்பாலும் இருக்கும். நிழல் தேடும்போது இந்தக் கணக்கு எனக்கு உதவியிருக்கிறது.

புதுக்கோட்டையில் தங்கி ஓட்டுவதென்றால் சித்தன்னவாசல், அன்னவாசல், குடுமியான்மலை என்று மேற்கே ஒரு சுற்றுச் சுற்றி வரலாம். ஏறத்தாழ 50 கிலோமீட்டர். என் மனத்துக்கு மிகவும் நெருங்கிய வழி இதுதான். சித்தன்னவாசல் குன்று, சுற்றிலும் மரமில்லாத வெளியில் மொட்டைப் பாறையாகக் கிடக்கிறது. அதன் மேற்குச் சரிவில் உள்ள அறிவர் கோயிலின் விதானத்தில் 9ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து ஓவியம் இருக்கிறது: தாமரை மண்டிய ஒரு குளம், அதில் மீன்கள், பறவைகள், யானைகள், பூப்பறிக்கும் துறவிகள். அந்த வெக்கையில் மிதித்து வந்து, குப்பியில் கடைசி மிடறு தீரும் நேரத்தில் தலைக்கு மேல் அந்தக் குளத்தைப் பார்த்தவர்களுக்கு, அதை வரைந்தவர்கள் எதைப் பேறாக எண்ணினார்கள் என்பது விளக்கம் இல்லாமலே புரியும். குன்றின் மேல் ஏழடிப்பட்டத்தில் சமணர்கள் படுத்த வழுவழுப்பான கற்படுக்கைகளும் தமிழ் பிராமிக் கல்வெட்டும் உள்ளன. அதே குன்றில் நவச்சுனை என்ற பாறைச் சுனையும், அதன் நீருக்குள் மூழ்கிக் கிடக்கும் சிறு குடைவரையும் உண்டு. குடுமியான்மலையில் 7ஆம் நூற்றாண்டுப் பல்லவ கிரந்த எழுத்தில் இசைக் கல்வெட்டு இருக்கிறது. நார்த்தாமலையில் மொட்டைப் பாறையின் மேல் 9ஆம் நூற்றாண்டு விசயாலய சோழீசுவரம் மேற்கு நோக்கி நிற்கிறது. இவை எல்லாமே குன்றுகள். பாறையில் விழுந்த மழை மேலே சுனையாகவும் கீழே ஊரணியாகவும் தங்குவதால், இப்படிப்பட்ட வறண்ட சீமையில் மனிதர்கள் தங்குவதற்கு ஏற்ற இடம் குன்றடிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இன்றும் பேருந்து நிற்பதும் தேநீர்க் கடை இருப்பதும் ஆலமரம் நிற்பதும் பெரும்பாலும் அதே இடங்களில்தான். நான் வரைபடத்தில் முதலில் குன்றுகளைக் குறித்துவிட்டு, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் 20 கிலோமீட்டருக்கு மேல் போகாதபடி கோடு போட்டுக்கொள்வேன்.

பாறைகளில் ஏறுவதற்கு மிதிவண்டிக் காலணி உதவாது. மிதிகட்டையில் மாட்டுவதற்காக அதன் அடியில் உள்ள பூட்டு வழவழப்பான கருங்கல்லில் சறுக்கும். மெல்லிய ரப்பர்ச் செருப்பு ஒன்றைப் பின்பையில் கட்டிக்கொள்ள வேண்டும். அதனுடன் நான்கு முழ வேட்டி ஒன்றையும் வைத்துக்கொண்டால், உடம்போடு ஒட்டிய காற்சட்டையின் மேல் சுற்றிக்கொண்டு எந்தக் கோயிலுக்குள்ளும் கூச்சமின்றிப் போகலாம். எங்களோடு வரும் தங்கை ஒருத்தி இதற்காகவே முழுநீளத் துப்பட்டா வைத்திருக்கிறாள். ஊர்ப் பெரியவர்கள் யாரும் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்றாலும், வழிபாட்டு இடத்தில் அவர்கள் மனம் கோணாமல் நடந்துகொள்வது விருந்தாளிகளின் கடமை.

அந்தச் சீமையில் டயரின் பகை சீமைக் கருவேல முள். வேலிக்காக வெட்டி ஏற்றிச் செல்லும் டிராக்டரிலிருந்து உதிரும் முள், சாலையின் இடது ஓரத்தில்தான் கிடக்கும். நாம் ஓட்டுவதும் அங்கேதான். 28 மில்லிமீட்டருக்குக் குறையாத அகலமும் உறுதியான அடிப்பகுதியும் உள்ள டயர் வேண்டும், முடிந்தால் 32. டியூப் இல்லாத டயரில் அடைப்புத் திரவம் ஊற்றிப் போவது இன்னும் மேல். சிற்றூர்களில் பஞ்சர் ஒட்டுபவர்கள் கைத்திறன் மிக்கவர்கள். ஆனால் பந்தய மிதிவண்டியின் மெல்லிய வால்வுள்ள டியூப் அவர்களிடம் இராது; ஆளுக்கு மூன்று டியூப்பும் கைப்பம்பும் நாமே கொண்டுபோக வேண்டும். முள் குத்தியபின் டயரின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்க்காமல் புது டியூப்பை மாட்டக் கூடாது, ஏனென்றால் முறிந்த நுனி பெரும்பாலும் உள்ளேயே இருக்கும்.

சாலையின் மற்ற இடர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவைப் போலவே அங்கேயும் இடப்பக்கம் ஓட்டுவதால் புதிதாகப் பழக வேண்டியதில்லை. ஆனால் நெடுஞ்சாலை ஓரத்தில் இருசக்கர வண்டிகள் எதிர்த்திசையிலும் வரும். வண்ணம் அழிந்த வேகத்தடைகள் பள்ளிக்கூடம் உள்ள ஊர்களின் இருமுனையிலும் இருக்கும். அறுவடைக் காலத்தில் கதிரையும் கொள்ளையும் சாலையில் பரப்பி வைத்திருப்பார்கள். அது ஒரு குடும்பத்தின் ஆண்டு உழைப்பு என்பதால் அதன் மேல் ஏற்றாமல் இறங்கித் தள்ளிச் செல்வதே முறை, வைக்கோல் பின்சக்கரப் பற்களில் சுற்றிக்கொண்டால் கியரும் முறியும். ஆட்டு மந்தை வந்தால் மேய்ப்பவர் கை காட்டும்வரை நில்லுங்கள். பொங்கலை ஒட்டிய நாட்களில் மாடுபிடி நடக்கும் ஊர்ச் சாலைகள் மக்களால் நிறைந்துவிடும். தைப்பூசத்துக்கு முன்போ, குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் பழனிக்குக் காவடியோடு நடந்து போகும் நகரத்தார் பாதயாத்திரையும் மற்ற பாதயாத்திரைக் கூட்டங்களும் அந்தச் சாலைகளில் இரவும் பகலும் சென்றுகொண்டிருக்கும். தண்ணீர்மலையில் வெள்ளி ரதத்தைப் பார்த்துவிட்டு அதன் பிறகு நாங்கள் புறப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடைசியாகச் சங்கிலி எண்ணெய். பினாங்கின் மழைக்காக நாம் போடும் கெட்டியான எண்ணெய், அங்கே செம்மண் தூசியை வாரி இழுத்து ஒரே நாளில் அரைத்த பசை போலாகிவிடும். பற்சக்கரங்கள் தேய்வது கேட்கும். புறப்படுவதற்கு முன்பே சங்கிலியை நன்றாகக் கழுவி உலர்த்தி, மெழுகு அடிப்படையிலான உலர் எண்ணெய்க்கு மாற்றிவிட வேண்டும். தினமும் ஓட்டம் முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். திரும்பி வந்ததும் மறுபடி பழைய எண்ணெய்க்கு மாறுங்கள், நம் ஊரின் ஒரு மாலை மழையில் மெழுகு கழுவுண்டு போய்விடும்.